வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்றால் உடனே கிளட்ச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் ஈரோட்டு வாசகர் ஒருவர், முதல் கியர் போட்டு வண்டியைக் கிளப்பும்போது முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, எதனால் என்று கேட்டிருந்தார். அதற்கு இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள்: கிளட்ச் தேய்ந்திருக்கும், செட்டாக மாற்றிவிடுங்கள். காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் இதே வைத்தியத்தை எனக்கு நானே செய்துகொண்டு 14,000 ரூபாயைத் தொலைத்தவன் நான். அந்த வாசகர் இன்னும் ஒர்க்‌ஷாப் பக்கம் போகாமல் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கடிதம் நீளும். வெட்டத்தான் வேண்டும் என்றால் என் புலம்பலை வெட்டுங்கள், சோதித்துப் பார்க்கும் முறையில் கை வைக்காதீர்கள்.

என்னுடையது 2011-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். கையால் போடும் ஐந்து கியர், 92,000 கிலோமீட்டர் ஓடியது. எங்கள் வீட்டு கேட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சின்னச் சரிவு உண்டு, காலையில் ரிவர்ஸ் எடுத்து இறக்கி, முதல் கியர் போட்டுக் கிளம்பும் அந்த நொடியில் காலுக்கடியில் யாரோ கட்டையால் தட்டுவது மாதிரி ஒரு ‘டக்’. ஒரே ஒரு டக்தான். அப்புறம் ஒன்றும் இருக்காது. சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்று கிளம்பினால் மறுபடியும் ஒன்று.

என் மனைவி, “ஏங்க, பின்னாடி ஏதோ உருளுதுங்க” என்றாள். நான் நம்பவில்லை. ஒரு நாள் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் வாங்கிய தேங்காய், மூடி பெயராமல் பத்திரமாக இருக்கிறது. வண்டி கிளம்பும்போது பின்னால் உருண்டு சீட்டுக் கம்பியில் இடிக்கும், பிரேக் போட்டால் முன்னால் வரும். அதை எடுத்த பிறகு டிக்கியைத் திறந்து பார்த்தேன், ஜாக்கியும் அதன் இடத்தில் இறுக்கமாக இல்லை, லொட லொட என்று ஆடிக்கொண்டிருந்தது. துணி சுற்றி இறுக்கினேன். இரண்டு சத்தம் போனது, மூன்றாவது போகவில்லை. சிரிக்காதீர்கள், டிக்கியையும் சீட்டுக்கு அடியையும் காலி செய்யாமல் மெக்கானிக்கிடம் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். வண்டி இவ்வளவு ஓடிவிட்டது, கிளட்ச் ஒரு தடவைகூட மாற்றியதில்லை, சத்தமும் கிளட்ச்சை விடும்போதுதான் வருகிறது, அப்புறம் என்ன, கிளட்ச்தான் என்று நானே முடிவு கட்டினேன். பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குப் போய், “கிளட்ச் போயிருச்சு, மாத்திடுங்க” என்றேன். அங்கிருந்த பையன் ஜாப் கார்டில் ‘கிளட்ச் செட் மாற்று, நாய்ஸ் செக்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். எந்தச் சத்தம், எப்போது வரும், எந்தப் பக்கம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பழைய பிளேட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தேன், ரிவெட் தலைக்கு மேலே, தேயும் பகுதியான லைனிங் நன்றாகவே மிச்சமிருந்தது. அது அப்புறம் நடந்தது. அதற்கு முன்னாலேயே, பில்லைக் கட்டி வண்டியை எடுத்து அவர்கள் கேட்டைத் தாண்டும்போதே ‘டக்’.

கேட்டதைச் செய்தார்கள் என்று அவர்களை விட்டுவிடலாம். ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் போடும், அதில் இன்னொரு குரல் கலந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலேயே காது சொல்லிவிடும். ஊர் டிரான்ஸ்பார்மருக்கு எல்லாம் காது கொடுத்தவன் சொந்த வண்டிக்குக் கொடுக்கவில்லை.

கோரிமேட்டில், ஏற்காடு போகிற ரோட்டில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துப் போனார். நான் வழக்கம்போல, “தம்பி, கிளட்ச் மாத்தியும் சத்தம்…” என்று ஆரம்பித்தேன். “சார், கிளட்ச்ச விடுங்க, சத்தத்த சொல்லுங்க” என்றான். கொஞ்சம் கோபம்கூட வந்தது. சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒரு தடவ மட்டும் வருதா, தொடர்ந்து வருதா? ரிவர்ஸ்லயும் வருதா? ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாக் கூடுதா? ஸ்பீட் பிரேக்கர்ல? பிரேக் போடும்போது? காலைல மட்டுமா, வண்டி சூடானப்புறமும் வருதா? மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர விட்டு மிதிச்சா? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் ஓட்டுகிற வண்டி! “சரி, வாங்க போய்ட்டு வரலாம்” என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான்தான் ஓட்டினேன். பத்து நிமிஷம், நின்று நின்று கிளம்பி, ரிவர்ஸ் எடுத்து, மைதானத்தில் வட்டமடித்து, பானட்டைத் திறக்காமலேயே பாதி வேலையை முடித்துவிட்டான்.

ரிவர்ஸிலும் வந்தது. முதல் கியரில் பலமாக, இரண்டாவதில் லேசாக, மூன்றாவதில் கிட்டத்தட்ட இல்லை. வட்டமடித்தபோது கூடவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தான். பானட்டைத் திறந்து என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை அது பிடிக்க ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் மட்டும் விட்டு, இரண்டு நொடியில் திரும்ப மிதிக்க வேண்டும். அடுத்து அதையே ரிவர்ஸில். அவன் வண்டிக்கு முன்னால் நிற்கவே இல்லை, பக்கவாட்டில், ஃபெண்டர் ஓரமாக நின்றுதான் பார்த்தான். இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள், சரிவில் செய்யாதீர்கள், உட்கார்ந்திருப்பவருக்குக் கிளட்ச் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் செய்யவே வேண்டாம்.

அப்புறம் இடத்தை மாற்றிக்கொண்டோம், அவன் உட்கார்ந்தான், நான் ஓரமாக நின்று பார்த்தேன். கிளட்ச் பிடித்ததும் மொத்த இன்ஜினும் தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்தது. ரிவர்ஸ் போட்டதும் மறுபக்கம் புரண்டது. ஒவ்வொரு புரளலுக்கும் ஒரு ‘டக்’. கொஞ்சம் அசைவது எல்லா இன்ஜினுக்கும் உண்டு, இது அந்தக் கொஞ்சம் இல்லை, ரேடியேட்டர் ஹோஸ் இழுபடுகிறது. வண்டியைக் குழிமேல் ஏற்றிக் கீழே போய், இன்ஜினுக்கும் அதன் கீழே இருக்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவே லிவரை நுழைத்து லேசாக நெம்பிக் காட்டினான். இன்ஜினை வண்டியின் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கிக்குத்தான் மவுண்டிங் என்று பெயர். பின்பக்க மவுண்டிங்கில் இரும்புக்குள் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் அரைவட்டமாகக் கிழிந்து, சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. ரப்பர் மெத்தையாகத் தாங்க வேண்டிய இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. மவுண்டிங் 1,250, கூலி 400. அரை மணி நேரம்.

உறுத்துகிறது என்றேனே, அது இதுதான். என் வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், அதை இறக்க இந்தப் பின் மவுண்டிங்கின் போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். அப்படியென்றால் அந்தக் கிழிந்த ரப்பரை யாரோ ஒருவர் கையில் எடுத்திருக்கிறார், ஓரமாக வைத்திருக்கிறார், பிறகு எடுத்துத் திரும்பவும் மாட்டியிருக்கிறார். ஜாப் கார்டில் மவுண்டிங் என்று எழுதியிருக்கவில்லை.

இந்த ரப்பர் ஏன் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் இப்படி அடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் பதிலில் விட்டுப்போனது இதுதான். இன்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இழுக்கவிடும் அமைப்பை 1959-ல் வந்த மினி கார் உலகத்துக்குப் பழக்கியது. நம் ஊருக்கு அதைப் பரவலாகக் கொண்டுவந்தது 1983-ல் வந்த மாருதி 800. இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் சக்கரத்தை முன்னோக்கித் திருப்புகிற விசை எவ்வளவோ, அதே அளவு விசை இன்ஜினைப் பின்னோக்கி மல்லாத்தப் பார்க்கும். சின்ன பெட்ரோல் இன்ஜின் ஒன்று 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வையுங்கள். முதல் கியரில் அது சுமார் 3.5 மடங்காகும், அதற்கடுத்த கடைசிப் பல்சக்கரத்தில் இன்னொரு 4 மடங்கு, ஆக 14 மடங்கு. முழு இழுவையில் 1,500 நியூட்டன் மீட்டருக்குப் பக்கமாக இன்ஜினைப் புரட்டும் விசையைத் தாங்கி நிற்பது உள்ளங்கையில் அடங்கும் இரண்டு மூன்று ரப்பர்த் துண்டுகள். நான்காவது கியரில் இந்த விசை கால்வாசியாகிவிடும், அதனால்தான் வேகமாகப் போகும்போது மவுண்டிங் கிழிந்திருப்பது தெரியவே தெரியாது. ரிவர்ஸ் கியரும் கிட்டத்தட்ட முதல் கியர் அளவு பலமானது, இழுப்பு மட்டும் எதிர்த்திசை. முன்னாலும் ரிவர்ஸிலும் ஒவ்வொரு டக் வந்தால் முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள் என்று அந்தத் தம்பி சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நின்றிருக்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்ந்தால் பெரும்பாலும் பக்கவாட்டு மவுண்டிங், அதிர்வே இல்லாமல் கிளம்பும்போது மட்டும் அடித்தால் பின்பக்கத்து மவுண்டிங் என்று ஒரு உத்தேசக் கணக்கும் சொன்னான். எப்போதும் பொருந்தும் என்று இல்லை, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று தெரியும். எங்கேயாவது ஆயில் கசிந்து மவுண்டிங் மேல் சொட்டினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், கசிவை அடைக்காமல் புது மவுண்டிங் போட்டால் அதற்கும் அதே கதிதான். கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டுக் கிளப்புவதும் ரப்பருக்கு ஆகாது. இதில் நானும் சுத்தமில்லை, பழைய பழக்கம்.

சரி, எல்லா டக்கும் மவுண்டிங்கா என்றால் அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால், வீல் நட். பஞ்சர் போட்ட பிறகோ டயர் மாற்றிய பிறகோ புதிதாகச் சத்தம் ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி ஸ்பேனரை எடுங்கள். தளர்ந்த சக்கரம் கிளம்பும்போது ஒரு டக் போடும், மெதுவாகப் போகையில் சுற்றுக்கு ஒரு டக் டக் என்று தாளம் தட்டும், அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகக் கிளம்பும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கர வேகத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட்டின், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டின், வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜாயின்ட். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரிவது ஏற்காடு மலையில்தான். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் முழுக்க ஒடித்து முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஏற வேண்டும், பாறைச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வருவதால் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். மலை இல்லாத ஊரில் காலி மைதானத்தில் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் அடித்துப் பாருங்கள். இந்த ஜாயின்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட். அது விரிசல் விட்டால் கிரீஸ் சிதறி ரிம்முக்கு உள்பக்கம் கருப்பாக அப்பியிருக்கும், கிரீஸ் வெளியேறிய வழியாக மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பூட் கிழிந்த அன்றே மாற்றினால் சில நூறில் முடியும், சத்தம் வந்த பிறகு போனால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் உள் ஜாயின்ட் தேய்ந்தால் வளைவு வேண்டியதில்லை, நேராகப் போகும்போதே ஆக்சிலேட்டரை மிதித்து விட்டு மிதித்தால் ஒரு தட்டுத் தட்டும், இழுவையில் நடுக்கமும் இருக்கும். மவுண்டிங்கோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான்.

கிளம்பும்போதும் டக், பிரேக் போட்டு நிற்கும்போதும் டக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் கையின் ரப்பர். சக்கரத்தை முன்பின் நகராமல் பிடித்து வைத்திருப்பது அதன் பின்பக்க ரப்பர்தான். அது கிழிந்தால் கிளம்பும்போது சக்கரம் ஒரு விரல்கடை முன்னால் போகும், பிரேக்கில் பின்னால் வரும். இன்னொருவர் வண்டியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்த, நாம் தள்ளி நின்று சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால் சில நேரம் கண்ணுக்கே தெரிந்துவிடும். சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு சத்தம் வேறு, அது மேடு பள்ளத்தில்தான் லொட லொட என்கும்.

மழைக்காலத்தில் காலையில் முதல் தடவை மட்டும் பின்பக்கம் ‘டக்’ என்று எதுவோ விடுபடுகிற மாதிரி சத்தம் வந்து, அன்று முழுக்க மறுபடி வராமல் இருந்தால் செலவே வேண்டாம். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதில் பிரேக் ஷூ துருவேறி டிரம்மில் ஒட்டியிருக்கும். சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சரிவில் இதைச் செய்யாதீர்கள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் பேடு கேலிப்பருக்குள் கொஞ்சம் நகர்ந்து உட்காரும், ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதன்முறையாக முன்னால் போய் பிரேக் தொடும்போது சின்ன டிக் கேட்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

சைலன்சர் தொங்கும் ரப்பர் அறுந்திருந்தால் இன்ஜின் லேசாக அசைந்தாலே குழாய் தளத்தில் போய் முட்டும். வண்டி நன்றாக ஆறிய பிறகு கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியும், சூட்டில் தொட்டுவிடாதீர்கள்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஜீப்பும் அம்பாசிடரும்தான். அலுவலக ஜீப் கிளம்பும்போது ‘டங்’ என்றால் டிரைவர் அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுக் கீழே படுத்துப் போய் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பார்ப்பார். அதன் மூட்டான கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அது, இல்லையென்றால் பின் அச்சில் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன், அதுவும் இல்லையென்றால் லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு-போல்ட். கிரீஸ் கன்னை எடுத்து நிப்பிளில் நாலு அழுத்து அழுத்திவிட்டு, “இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்பார், ஓடும். அம்பாசிடர் 2014-ல் நின்றுபோனது, ஆனால் பழைய வேன்களும் ஜீப் ரகங்களும் இன்னும் நிறைய ஓடுகின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் மவுண்டிங்குக்கு முன்னால் இந்தப் பக்கம் பார்ப்பது நல்லது.

இதில் கிளட்ச் எங்கே வருகிறது? நியாயமாகச் சொன்னால் உங்கள் பதில் முழுத் தப்பு இல்லை. கிளட்ச் பிளேட்டின் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கச் சுருள் ஸ்பிரிங்குகள் உண்டு, அவை தளர்ந்தாலோ உடைந்தாலோ கிளம்பும்போது தட்டும். பல டீசல் கார்களில் இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலே இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து வரும், அது தேய்ந்தால் கிளம்பும்போதும், அதைவிட அதிகமாக இன்ஜினை அணைக்கும்போதும் கட கட என்று ஆடி நிற்கும், செலவும் பெரிசு. ஆனால் கிளட்ச் தேய்மானத்தின் அடையாளம் வேறு: மேட்டில் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும். பெடலை மிதித்ததும் ‘கீ’ என்று கேட்டு விட்டதும் நின்றால் பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். கிளம்பும்போது வண்டி முழுக்க நடுங்கினால் கிளட்ச்சில் ஆயில் பட்டிருக்கலாம், மவுண்டிங்காகவும் இருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஒற்றை டக்குக்காகக் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. 1,650 ரூபாயில் முடிய வேண்டியதற்கு 14,000 கட்டியவன் சொல்கிறேன்.

நம்மிடம் சத்தத்துக்கா வார்த்தை பஞ்சம்? டக், டொக், டங், டிக் டிக், லொட லொட, கட கட, கற கற, நற நற, கிரீச் என்று எத்தனை இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குக்கூட நற நறவுக்கும் லொட லொடவுக்கும் வித்தியாசம் தெரியும். நற நற என்றால் இரண்டு பொருள் அரைபடுகிறது, லொட லொட என்றால் தளர்ந்து ஆடுகிறது, டங் என்றால் உள்ளே வெற்றிடமுள்ள இரும்பில் அடி விழுகிறது. மெக்கானிக்குக்கு இது பாதி விடை. இவ்வளவையும் வீட்டில் வைத்துவிட்டு சர்வீஸ் நிலையத்து வாசலுக்குப் போனதும் நமக்கு ஆங்கிலம் வந்துவிடுகிறது, எல்லாமே ‘நாய்ஸ்’ ஆகிவிடுகிறது, ஜாப் கார்டிலும் அதுவே ஏறுகிறது. உள்ளே வேலை செய்கிற பையன் நம் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான், அவனுக்குக் கிடைப்பது அந்த ஒரு சொல். அவன் வண்டியை அவர்கள் வளாகத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதால் ஒன்றும் கேட்காமல், ‘சரியாக உள்ளது’ என்று எழுதி அனுப்புவான்.

டாக்டரிடம் போய் யாரும், “எனக்குக் குடல்வால், வெட்டிடுங்க” என்று சொல்வதில்லை, இங்கே வலிக்கிறது என்றுதான் சொல்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் நாம் பாகத்தின் பெயரைச் சொல்கிறோம். வண்டியை விடும்போது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நாம் ஓட்டிக் காட்ட வேண்டும், காலையில் மட்டும் வருகிற சத்தம் என்றால் முந்தைய நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது அவரோடு சேர்ந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், ‘முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளம்பும் நொடியில் முன்பக்கம் ஒரு டக்’ என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். முறைப்பார்கள், எழுதுவார்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இனி வாகனப் பக்கத்துக்கு இந்த மாதிரிக் கேள்வி வந்தால் உடனே ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிவிடாமல், கோரிமேட்டுத் தம்பி என்னிடம் கேட்ட அந்த ஏழெட்டுக் கேள்விகளை ஒரு சின்னப் பெட்டியாக அச்சிடுங்கள். வாசகர்கள் வெட்டி எடுத்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்வார்கள், நான் வைத்துக்கொள்வேன்.

ஈரோட்டு வாசகருக்கு மட்டும் ஒன்று. ஐயா, நாளைக் காலையில் வண்டியைச் சமதளத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், அப்போதும் அந்த டக் வருகிறதா? முதல் கியரை விட இரண்டாவதில் குறைகிறதா? இந்த இரண்டையும் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள். அதற்கு முன்னால் சீட்டுக்கு அடியில் ஒருமுறை கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.